இசைத்தட்டுக்கு முந்திய தட்டு

இசைத்தட்டின் வரிப்பள்ளம் முதன்முதலில் எதில் வெட்டப்படுகிறது என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? கடையில் வாங்கும் வினைல் தட்டில் அன்று. அது அச்சில் அழுத்தி எடுத்த பிரதியே. முதற்பள்ளம் விழுவது 'லாக்கர்' பூசிய அலுமினிய வெறுந்தட்டில்தான்.

லாக்கர் என்றதும் நம் அரக்கு நினைவுக்கு வரும். பழைய 78 சுற்றுத் தட்டுகளில் அரக்கு சேர்ந்திருந்தது உண்மையே. ஆனால் இது வேறு பொருள். பஞ்சின் செல்லுலோசை நைட்ரிக், கந்தக அமிலக் கலவையில் ஊறவைத்தால் நைட்ரோசெல்லுலோஸ் கிடைக்கும். இதில் நைட்ரஜன் மிகுந்தால் அதுவே வெடிபஞ்சு! நைட்ரஜன் சற்றுக் குறைந்த வகையைக் கரைப்பானில் கரைத்து, இளக்கம் தர ஆமணக்கெண்ணெய் போன்றவற்றைக் கலந்து பூச்சு தயாரிக்கிறார்கள். 1930களின் நடுவில் இது புழக்கத்திற்கு வந்தது. அதற்கு முன் தடித்த மெழுகில் வெட்டினார்கள்.

12 அங்குல இசைத்தட்டுக்கு 14 அங்குல வெறுந்தட்டு வேண்டும். மெருகிட்ட அலுமினியத் தட்டுகள் ஓடுபட்டையில் நகர்கின்றன. மேலே ஒரு நீண்ட பிளவிலிருந்து லாக்கர் மெல்லிய திரைபோல் விழுகிறது. அத்திரையைக் கடக்கும் தட்டின்மீது பூச்சு ஒரே சீராகப் படிகிறது. பின்னர்ப் பொறுமையாக உலர்த்த வேண்டும்; அவசரப்பட்டால் கரைப்பான் குமிழியிட்டுவிடும். பள்ளத்தின் அகலம் ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர்தான். ஆகவே ஒரு தூசி படிந்தாலும் பாட்டினூடே 'டிக்' என்று கேட்கும். கண்ணால் ஆராய்ந்து கழிக்கப்படும் தட்டுகளும் உண்டு.

நல்ல பூச்சு, சூடேற்றிய நீலக்கல் ஊசிக்கு வெண்ணெய்போல் வழிவிடும். வெட்டிய வடிவத்தையும் இழக்காது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணான குணங்கள் அல்லவா? அதனால்தான் இது எளிய தொழில் அன்று. பூச்சு நாள்பட்டால் இறுகிவிடும். வெட்டிய பள்ளமும் மெல்லத் தளரும். முதலில் மங்குவது கீச்சொலிகள். எனவே விரைவில் அதன்மேல் வெள்ளி தெளித்து, மின்முலாம் முறையில் நிக்கல் படியவைத்து, அச்சு எடுத்துவிடுகிறார்கள்.

இவ்வளவும் எவ்வளவு குறுகிய அடித்தளத்தில் நின்றது என்பது 2020 பிப்ரவரி 6 அன்று தெரிந்தது. கலிபோர்னியாவின் பானிங் நகரிலிருந்த அப்பல்லோ தொழிற்சாலை எரிந்து போயிற்று. தொழிலாளர் உயிர் தப்பினர். ஆனால் இத்தட்டுகளைப் பெருமளவில் செய்துவந்தவை உலகில் இரண்டே. எஞ்சியது ஜப்பானில் ஒன்று! லாக்கரின்றிச் செம்புத் தட்டிலேயே வெட்டும் முறை 1980களின் தொடக்கத்திலேயே ஜெர்மனியில் உருவாயிற்று. அதற்குரிய வெட்டுப்பொறிகளோ மிகச் சிலவே.