கொல்லிமலைக்கு ரயிலில் போகலாமா? நாமக்கல்லுக்கு அப்புறம் என்ன வழி?

சென்னையிலிருந்து கொல்லிமலை போகணும், ஆனா ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார முடியாதுன்னு யோசிக்கிறீங்களா? ரயில் இருக்கு. ஆனால் மலை வரைக்கும் இல்லை.

எங்கே இறங்கணும்?

சேலம் - நாமக்கல் - கரூர் ரயில் பாதை 2013-ல்தான் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன் நாமக்கல் நகருக்கு ரயிலே கிடையாது. இப்போது சென்னை - பாலக்காடு எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால், விடியும் முன்பே நாமக்கல்லில் இறங்கலாம்.

அப்புறம்?

இங்கேதான் சிக்கல். ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாண்ட் போய், காரவள்ளி அடிவாரம் தாண்டி, 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறணும். ரயில் லேட் ஆனால் பஸ் காத்திருக்காது. சிகிச்சைக்கும் படிப்புக்கும் வெளியூர் போய்த் திரும்பும் மலைவாழ் மக்களுக்கும் இதே கதைதான். கடைசி பஸ்ஸை விட்டால் அன்றிரவு கீழேதான்.

அமெரிக்காவில் எப்படி?

கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்குக்கும் ரயில் போகாது. மெர்செட் ஸ்டேஷனில் இறங்கி பஸ் மாறணும். ஆனால் அங்கே ஆம்ட்ராக் டிக்கெட்டிலேயே அந்த பஸ் பயணமும் அடங்கிவிடும். நம்ம டிக்கெட் நாமக்கல்லோடு முடிஞ்சிடும்.

என்ன செய்யலாம்?

விடியும்வரை ஸ்டேஷனில் ஓய்வெடுத்துட்டு காலை பஸ்ஸைப் பிடிங்க. வயிறு முட்டச் சாப்பிட்டு மலை ஏறாதீங்க. திரும்பும்போது இரவு ரயில்தானேன்னு இருக்காம, மதியமே கீழே இறங்கிடுங்க. ரயில், பஸ் நேரங்களைக் கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.