துருவைத் தேய்க்குமுன் ஊரைப் பாருங்கள்

ஸ்டுட்கார்ட்டில் என் வீட்டுக்காரம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. போன மாதம் பரணிலிருந்து ஓர் ஏர்கன்னை இறக்கி என் மேஜைமேல் கிடத்தினார். "எங்கள் தாத்தாவுடையது. 1914 போருக்கு முன்னால் வாங்கினார்" என்றார். எனக்குப் பழைய ஏர்கன் பைத்தியம் உண்டென்பது அவருக்குத் தெரியும்.

பார்த்தால் பழசுதான். ஆனால் துருவை நம்பக் கூடாது. ஈரப் பரணில் பத்து வருஷம் கிடந்தால் எந்த இரும்பும் கிழடு தட்டிவிடும். நான் முதலில் தேடுவது எழுத்தை. அழுக்கைத் துணியால் ஒற்றி, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். டி.ஆர்.ஜி.எம். என்று நாலெழுத்து தெரிந்தது. அதைக் கம்பெனிப் பெயர் என்று நினைத்துக்கொண்டு விலை பேசுகிறவர்களைச் சந்தையில் பார்த்திருக்கிறேன். அது பேட்டன்டுக்குத் தம்பி மாதிரி ஒரு பதிவு. 1891இல் வந்தது, ஹிட்லர் ஆட்சியோடு போனது.

இன்னும் கொஞ்சம் ஒற்றியதும் ஊர்ப்பெயர் கிடைத்தது: செல்லா-மேலிஸ். தூரிங்கியக் காட்டு ஊர். துப்பாக்கிப் பட்டறைகளுக்குப் பேர் போனது. 1919 வரை அது செல்லா சாங்க்ட் பிளாசி, மேலிஸ் என்று இரண்டு ஊர். அந்த வருஷம்தான் ஒன்றாக்கினார்கள். ஆக, இணைந்த பெயரைப் பொறித்த துப்பாக்கி 1914க்கு முந்தியதாக இருக்க முடியாது. மேல்வரம்பையும் ஊரே காட்டிக்கொடுத்துவிடும். 1945இல் அந்தப் பக்கம் சோவியத் வசம் போன பிறகு, அன்ஷூட்ஸ் கம்பெனி உல்ம் நகரத்துக்கும் வைராவ் மெல்ரிஷ்டாட்டுக்கும் பெயர்ந்தன. அவர்கள் துப்பாக்கியில் இந்த ஊர்கள் இருந்தால் அது போருக்குப் பிந்திய சரக்கு.

எழுத்து அழிந்திருந்தால் மரத்தைப் பார்ப்பேன். 1900களின் தொடக்கத்தில் வந்த பல ரகங்களில் கட்டை பின்பக்கம் மட்டும்தான். முன்கைக்கு மரம் கிடையாது, வெறும் இரும்பைத்தான் பிடிக்க வேண்டும்.

டயானா என்ற பிராண்டில் நானே ஒரு தடவை ஏமாந்தேன். வில்லை வீசிவிட்டு ஏர்கன்னைத் தூக்கிப் பிடித்த வேட்டைத் தேவதை, அதுதான் ராஷ்டாட் ஊர் மேயர்-கிராம்மெல்ஷ்பாகர் கம்பெனியின் சின்னம். இங்கிலாந்தில் ஒரு பழஞ்சந்தையில் அந்தத் தேவதையைக் கண்டதும் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். அறைக்கு வந்து பார்த்தால் பிரிட்டனில் செய்தது என்று பொறித்திருக்கிறது! இரண்டாம் உலகப் போருக்குப் பின் டயானா என்ற பெயரும் இயந்திரங்களும் ஸ்காட்லாந்தின் மில்புரோ கம்பெனிக்குப் போயிருந்தன. சொந்தப் பெயரை இழந்த ஜெர்மன்காரர்கள் பிரிட்டனில் 'ஒரிஜினல்' என்ற பெயரில் விற்றார்கள். அவ்வளவும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது.

வீட்டுக்காரம்மாவின் துப்பாக்கியில் ஐங்கோணத்துக்குள் எஃப் என்ற எழுத்தையும் தேடினேன், இல்லை. சுடும் ஆற்றல் ஏழரை ஜூலுக்கு உட்பட்டது என்று காட்ட 1970இல் மேற்கு ஜெர்மனியில் வந்த முத்திரை அது.

விஷயத்தைச் சொன்னதும் வீட்டுக்காரம்மா முகம் சுண்டிப்போனது. "அப்படியானால் அப்பா வாங்கியிருப்பார்" என்று கடைசியில் இறங்கிவந்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கட்டுமா என்று கேட்டார். பதறிப்போய்க் கையைப் பிடித்தேன். உங்கள் கைக்கு இப்படி ஒன்று வந்தாலும் உப்புத்தாளை எடுக்காதீர்கள். எண்ணெயில் நனைத்த துணி போதும்.