சர்வர் அறை – 14: ஒற்றை எழுத்து

பேக்கப் இரவு இரண்டு மணிக்கு ஓட வேண்டும், ஓடவில்லை. அந்தப் பழைய பிஎஸ்டி சர்வரிலிருந்து மற்ற எல்லா மெஷினுக்கும் பிங் போகிறது. கிளை அலுவலகத்தில் இருக்கும் பேக்கப் மெஷின் மட்டும் பதில் சொல்லவில்லை. அந்த வாரம்தான் வந்திறங்கிய புது சர்வரிலிருந்து கேட்டால், அதே மெஷின் சட்டென்று பதில் தருகிறது.

"ரீபூட் பண்ணா சரியாயிடும் சார். போன தடவையும் அப்படித்தான் பண்ணோம்" என்றார் இரவுப் பணியிலிருந்த தம்பி.

சரியாகிவிடும்தான். அதனால்தான் வேண்டாம் என்றேன். ரீபூட்டில் மறைகிற கோளாறு எந்தக் கோப்பிலும் எழுதியிருக்காது; கெர்னலின் நினைவில் மட்டும் உட்கார்ந்திருக்கும். ரீபூட் செய்தால் நோயோடு தடயமும் போய்விடும்.

ட்ரேஸ்ரூட் கொடுத்தோம். முதல் வரியிலேயே நட்சத்திரங்கள். பாக்கெட் வாசலைக்கூடத் தாண்டவில்லை. அடுத்து நெட்ஸ்டாட். டீஃபால்ட் வழி 192.168.1.1 என்று ஒழுங்காக இருந்தது. அதற்குக் கீழே, யாரும் எழுதாத ஒரு வரி: பேக்கப் மெஷினுக்கு மட்டும் 192.168.1.3 வழி. பக்கத்தில் யூ, ஜி, ஹெச், டி என்று நான்கு எழுத்து. வழி உயிரோடு இருக்கிறது, கேட்வே மூலம் போகிறது, ஒரே ஒரு மெஷினுக்கானது என்பவை முதல் மூன்றும். கையால் சேர்த்த வழியென்றால் எஸ் இருக்கும். டி இருந்தால், அது ரீடைரக்ட் செய்தி கேட்டுத் தானாக முளைத்த வழி.

1981இல் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 792இலேயே இந்த ரீடைரக்ட் உண்டு. 'என்னிடம் ஏன் வருகிறாய், அந்த டீக்கடைச் சந்து வழியாகப் போ, கிட்ட' என்று ஒரு ரூட்டர் சொல்லும் யோசனை அது. இங்கே அதைச் சொன்னது .1 ரூட்டர். கிளைக்குப் போகும் லீஸ்டு லைன் அப்போது .3இல் இருந்தது; யோசனை சரியானதுதான். பிறகு .3 மின்சாரக் கோளாறில் படுத்துவிட்டது. .1 தன் மாற்று லைனுக்குத் தாவிக்கொண்டது. சந்து அடைபட்டதை நம் சர்வருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. புது சர்வருக்கோ அந்தச் சந்தே தெரியாது.

டீஃபால்ட் சரியாக இருந்தும் ஏன் உதவவில்லை? எந்த வழி அதிகக் குறிப்பானதோ அதுவே ஜெயிக்கும். 2008 பிப்ரவரி 24 அன்று யூடியூப் பல நாடுகளில் சுமார் இரண்டு மணி நேரம் எட்டாமல் போனதும் இந்த விதியால்தான். யூடியூப் 1,024 முகவரிகளை ஒரே தொகுதியாக அறிவித்திருந்தது. பாகிஸ்தான் டெலிகாம் உள்நாட்டுத் தடைக்காக அதற்குள் 256 முகவரிகளுக்கு மட்டும் அறிவித்த வழி வெளியே கசிந்துவிட்டது.

லினக்ஸ்காரர்களுக்கு இன்னொரு தொல்லை. கெர்னல் 3.6க்குப் பிறகு, ரீடைரக்டில் முளைத்த வழி நெட்ஸ்டாட்டில் தெரியாது. 'ஐபி ரூட் கெட்' என்று அந்த முகவரியைக் குறிப்பாகக் கேட்டால் வாய் திறக்கும். ரீடைரக்டை ஏற்காதே என்று 'ஆல்' பிரிவில் மட்டும் பூஜ்யம் போட்டாலும் போதாது. சாதாரண சர்வரில், அந்தந்த இன்டர்ஃபேஸில் ஒன்று என்று இருந்தால் அது ஏற்றுக்கொள்ளும். இந்த இரண்டாவதில் நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்.

அந்த வரியை அழித்தோம். பேக்கப் ஓடத் தொடங்கியது. தம்பி சும்மா இருக்காமல் மற்ற பழைய மெஷின்களிலும் நெட்ஸ்டாட் கொடுத்துப் பார்த்தார். இன்னும் இரண்டில் அந்த டி இருந்தது.

(தொடரும்)