நாட்டாட்டு மயிரும் நீலகிரிக் கம்பளியும்

சென்ற கோடை விடுமுறையில் நாம் குடும்பத்துடன் தாயகம் சென்றிருந்தோம். திருநெல்வேலிச் சீமையிலுள்ள நம் கிராமத்தில் பத்து நாள் தங்கிய பின், உதகமண்டலத்தையும் கண்டு திரும்பினோம். அங்கே புல்வெளியில் மேய்ந்த ஆடுகளின் அடர்ந்த வெண்கம்பளியைப் பார்த்த நம் இளைய மகள், "தாத்தா வீட்டுச் செவ்வாட்டை இங்கே கொண்டுவந்து விட்டால், குளிருக்கு அதற்கும் கம்பளி முளைக்குமா, அப்பா?" என்று கேட்டாள். இரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதும் நமக்கு உடனே விடை கூற இயலவில்லை. மாதுங்கா திரும்பியபின் நூல்களைப் புரட்டியும் அறிந்தோரைக் கேட்டும் தெரிந்துகொண்டதைச் சங்க அன்பர்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

முளைக்காது என்பதே விடை. கம்பளி குளிரினால் வருவதன்று, பிறப்பினால் வருவது.

செம்மறிகளின் முன்னோரான காட்டாட்டுக்கு வெளியே முரட்டு மயிரும், அதனடியில் ஆண்டுதோறும் உதிரும் மெல்லிய கம்பளியும் இருந்தன. மனிதன் ஆட்டைப் பழக்கிய பல்லாயிரம் ஆண்டுகளில் சில இனங்களில் முரட்டு மயிர் குறைந்து, உதிராத கம்பளி பெருகிற்று. 2017-இல் பிரான்சு நாட்டு ஆராய்ச்சியாளர்கள் இதற்குரிய மாற்றம் ஒன்றைக் கண்டறிந்தனர். கம்பளியாடுகளில் ஒரு மரபணுவின் நகல், மற்றொரு மரபணுவின் கடைப்பகுதியில் செருகிக்கொண்டிருக்கின்றதாம்.

ஆட்டுக்குட்டி தாயின் வயிற்றிலிருக்கும்போதே அதன் மயிர்க்கால்கள் அமைந்துவிடுகின்றன. முதலில் தோன்றுபவை பருத்த மயிரைத் தரும். அவற்றைச் சூழ்ந்து பின்னர்த் தோன்றுபவை நுண்ணிழையைத் தரும். மெரினோ ஆட்டில் முதல்வகை ஒன்றுக்கு இரண்டாம்வகை ஏறத்தாழ 20 இருக்கும். நம் நாட்டாடுகளில் மிகச் சிலவே. தீனி குறைந்தால் இழை மெலிந்து அறுபடும் என்பது உண்மை. ஆயினும் எத்துணைத் தீனி இட்டாலும் முரட்டு மயிர் பட்டாகிவிடாது.

இழையின் பருமனை மைக்ரான் கணக்கில் அளப்பர். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே மைக்ரான். மெரினோக் கம்பளி 24 மைக்ரானுக்கு உட்பட்டது. நீலகிரி ஆட்டினது ஏறத்தாழ 27. கோயம்புத்தூர் ஆட்டினது 40-ஐ ஒட்டியது. 30-க்கு மேற்பட்ட இழைகள் உடம்பில் குத்தும். மராட்டியத்துத் தங்கர் இடையர்கள் தோளில் போர்த்தும் கோங்கடியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். அது தக்காணி ஆட்டின் முரட்டு மயிராலானது. குத்தினாலும் மழைக்கும் பனிக்கும் தாங்கும்.

நீலகிரி ஆடு தமிழ்நாட்டு மண்ணில் உருவான இனம். 19-ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆட்டோடு தாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் ஆகிய சீமை இனங்கள் கலந்து பிறந்தது. மலையின் ஓயாத ஈரத்தையும் குளிரையும் தாங்கி, மென்கம்பளியும் தரும் இனம் தென்னகத்தில் வேறில்லை. இதனைப் பேண உதகைக்கு அருகே சாண்டிநல்லாவில் 1956-இல் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. ஆயினும் மேய்ச்சல் நிலங்கள் தேயிலைத் தோட்டங்களாகவும் மரக்காடுகளாகவும் மாறியமையாலும், கம்பளிக்கு விலையின்மையாலும் இவ்வினம் அருகிவிட்டது.

அப்படியாயின், கம்பளி தராத நாட்டாடு தாழ்ந்ததா? இக்கேள்வியைத் தாராவியில் தோல் தொழிலிலேயே நரைத்துப்போன நெல்லைப் பெரியவர் ஒருவரிடம் கேட்டோம். அவர் நகைத்து, "கம்பளியாட்டுத் தோல் தளர்ந்து கிடக்கும், தம்பி. நம்ம ஊர் ஆட்டுத் தோல்தான் இறுக்கமாக நிற்கும்" என்றார். மயிர்க்கால்களும் அவற்றைச் சார்ந்த எண்ணெய்ச் சுரப்பிகளும் நெருங்கியிருந்தால் தோலின் கட்டுத் தளரும் என்பது அறிவியலார் கூற்றும் ஆகும். சேலத்துப் பக்கத்து மேச்சேரி ஆட்டுத் தோல் பெயர்பெற்றதும் இதனாலேயே. திருநெல்வேலியிலிருந்து வந்து தாராவியில் தோல் பதனிட்ட நம் முன்னோரை வாழவைத்தது இவ்வேறுபாடுதான்.

இதை நாம் எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. எடை மிகும் என்பதற்காக வெளியூர்க் கிடாவை வாங்கி, மந்தை முழுவதிலும் கலந்துவிட எண்ணியிருப்பதாக நம் தந்தையார் கோடையில் கூறினார். அன்று நாமும் தலையசைத்தோம். இப்பொழுது அது தவறென்று தோன்றுகிறது. கோடையில் பல காதம் நடந்து, காய்ந்த புல்லைத் தின்று பிழைக்கும் செவ்வாட்டின் குணம் ஒருமுறை கரைந்துவிட்டால், எந்தச் சந்தையிலும் விலைக்குக் கிடைக்காது.

ஆகவே, "வெளிக்கிடா வாங்குவதானால் வாங்குங்கள், ஆனால் நம் செவ்வாட்டுக் கிடா இரண்டையும் பத்துப் பெட்டைகளையும் கலவாமல் தனியே வைத்துக்கொள்ளுங்கள்" என்று தந்தையாருக்கு எழுதினோம். பத்து நாளில் பதில் வந்தது. கிடா ஒன்றை ஏற்கெனவே விற்றாயிற்றாம். எஞ்சியதை விற்பதில்லை என்று எழுதியிருக்கிறார்.

ஊரில் மந்தை வைத்திருக்கும் அன்பர்கள் அடுத்த கடிதத்தில் இதனை ஒரு வரி எழுதுவார்களாக.