தண்ணியே இல்லாம ஒரு ஆழ்கடல்! சின்ன பட்ஜெட் கடல் திகில் படங்களோட ரகசியம்

குறும்படம் எடுக்கிற நண்பன் போன வாரம் போன் பண்ணினான். "மாப்ள, கதை ரெடி. கிணத்துக்கு அடியில ஒரு ரகசிய ஆராய்ச்சிக்கூடம். அங்கிருந்து ஒண்ணு மேல ஏறி வருது. அலங்காநல்லூர் பக்கம் ஒரு பம்ப்செட் கிணறு பார்த்துட்டேன். ஹீரோவை உள்ள இறக்கி எடுத்துடலாம்."

ஹீரோவுக்கு நீச்சல் தெரியுமான்னு கேட்டேன். "சுமாரா அடிப்பான்"னான்.

வைகையில தண்ணி வந்தா பாலத்துல நின்னு வேடிக்கை பார்க்கிற ஊர் நம்மது. தெப்பக்குளத்துக்குள்ளேயே கிரிக்கெட் ஆடி வளர்ந்த தலைமுறையும் இருக்கு. அப்படிப்பட்ட ஊர்க்காரன் தண்ணியைத் தேடி ஏன் கிணத்துக்குள்ள இறங்கணும்? ஏன்னா, இந்த வகைப் படங்கள் பலதுல நாம பார்க்கிற ஆழ்கடல்ல ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது.

கதை 1989-ல ஆரம்பிக்குது. ஜேம்ஸ் கேமரூன் 'தி அபிஸ்'ங்கிற கடலடிப் படம் எடுக்கிறார்னு தெரிஞ்சதும், அவருக்கு முன்னாடி ரிலீஸ் பண்ணிடணும்னு மத்தவங்க ஓட ஆரம்பிச்சாங்க. ஜனவரியில 'டீப்ஸ்டார் சிக்ஸ்', மார்ச்ல 'லெவியாதன்' வந்துடுச்சு. சிக்கனத்துக்குப் பேர்போன தயாரிப்பாளர் ரோஜர் கோர்மன் தன் பங்குக்கு 'லார்ட்ஸ் ஆஃப் தி டீப்'பை இறக்கினார். கேமரூன் படம் ஆகஸ்ட்லதான் வந்துச்சு. கட்டி முடிக்காம விட்ட ஒரு அணுமின் நிலையத்துல சுமார் 75 லட்சம் காலன் தண்ணியை நிரப்பி எடுத்தார். செலவு 4 கோடி டாலருக்கு மேல.

'லெவியாதன்' டீம் கடலுக்கு வெளியே நடக்கிற மாதிரியே கடலடிக் காட்சிகளை எடுத்தாங்க. இந்த முறைக்கு 'டிரை ஃபார் வெட்'னு பேர். தரையிலேயே, காய்ஞ்ச செட்டுல எடுக்கிறது.

எப்படின்னா, செட் முழுக்க மெல்லிசா புகை விடுவாங்க. கலங்கின தண்ணியில வெளிச்சம் எப்படிக் கோடு கோடாத் தெரியுமோ, புகையிலயும் அப்படியே தெரியும். நடிகரைக் கம்பியில தொங்கவிட்டு, வினாடிக்கு 48 ஃபிரேமோ அதுக்கு மேலயோ எடுத்து, 24-ல ஓட்டினா நடை கனமாகிடும். தண்ணி முதல்ல உறிஞ்சுறது சிவப்பு நிறத்தைத்தான். அதனால நீலமும் பச்சையும் மட்டும் மிச்சமிருக்கிற மாதிரி லைட் வைக்கணும். நிஜமாவே ஆழத்துல ரத்தம் சிவப்பாத் தெரியாது, பச்சையும் கறுப்புமாத்தான் தெரியும். திகில் டைரக்டருக்கு இதைவிட என்ன வேணும்? முடி மிதக்கிற மாதிரி காட்ட ஒரு ஃபேன், குமிழிகளுக்கு எடிட்டிங் டேபிள். அவ்ளோதான்.

பயத்துக்கும் கடல் காசு கேக்காது. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடிக்கிட்டே போகும். அதனால ரொம்ப நேரம் ஆழத்துல இருந்தவர் பயந்து சட்டுனு மேல வந்தா, உடம்புக்குள்ள வாயு குமிழியாகி ஆளையே முடிச்சிடும். பேய் பங்களாவுக்குக் கதவைப் பூட்டணும், இங்க அதுகூடத் தேவையில்ல. அப்புறம் சத்தம். தண்ணியில ஒலி வினாடிக்கு சுமார் 1,500 மீட்டர் போகுது, காத்துல போறதைவிட நாலு மடங்குக்கு மேல. எந்தப் பக்கமிருந்து வருதுன்னு நம்ம காது குழம்பிடும்.

நம்ம பக்கம்? திகிலும் இல்ல, சயின்ஸ் ஃபிக்‌ஷனும் இல்லன்னாலும் 2017-ல வந்த 'காஸி'யைச் சொல்லணும். யூடியூபுக்காக எடுக்கத்தான் சங்கல்ப் ரெட்டி முதல்ல நீர்மூழ்கி செட்டைப் போட ஆரம்பிச்சார். அது தேசிய விருது வரைக்கும் போச்சு. படம் முழுக்க ஒரு குறுகலான இரும்பு டப்பாதான், ஆனா மூச்சு முட்டும். தமிழ்ல 2025 மார்ச்ல ஜி.வி.பிரகாஷோட 'கிங்ஸ்டன்' வந்துச்சு. தூத்துக்குடிப் பக்கம் சபிக்கப்பட்ட கடல், போனவங்க உயிரோட திரும்புறதில்ல. முயற்சி பெருசு. ஆனா ஊர்க்காரங்க கடலைப் பார்த்து நடுங்கினப்போ எனக்கு வந்த பயம், கிராபிக்ஸ்ல எல்லாத்தையும் காட்டினப்போ வரல.

நண்பன்கிட்ட இதெல்லாம் சொல்லிட்டு, இன்னொண்ணும் சொன்னேன். 2016 நவம்பர்ல பெங்களூரு பக்கம் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கத்துல 'மாஸ்தி குடி' கன்னடப் படத்துக்காக ஹெலிகாப்டர்ல இருந்து மூணு பேர் குதிச்சாங்க. ஹீரோ பிழைச்சார். கூடக் குதிச்ச ரெண்டு நடிகர்கள் மேல வரவேயில்ல. அது நிஜத் தண்ணி.

கொஞ்ச நேரம் போன்ல சத்தமே இல்ல. அப்புறம், "புகைக்கு எங்க மாப்ள போறது?"ன்னான்.

ரிசப்ஷன்ல பொண்ணு மாப்பிள்ளை என்ட்ரிக்குப் புகை விடுற டெக்கரேஷன்காரர் மதுரையில தெருவுக்கு ஒருத்தர் இருக்கார். தரையோட தவழுற புகை வேணாம், அறை முழுக்க மெல்லிசா நிக்கிறதுதான் வேணும்னு கேளுன்னேன். ஷாட்டுக்கு நடுவுல ஜன்னலைத் திறந்து வைக்கணும்னும் சொன்னேன். இப்ப மூடிக் கிடக்கிற ஒரு ரைஸ் மில் குடோனுக்கு வாடகை பேசிக்கிட்டிருக்கான்.