முதல் பருவத்தில் எதைத் தேர்ந்து படிப்பது?

பன்னிரண்டாம் வகுப்பு வரையில் பள்ளிக்கூடம் வகுத்துத் தந்த பாடங்களையே பயின்று வந்த மாணவ மாணவியர், கலை அறிவியல் கல்லூரியில் பிரவேசித்த சில தினங்களுக்குள்ளேயே ஒரு விருப்பப் படிவத்தைப் பூர்த்தி செய்து தர வேண்டியிருக்கிறது. எந்தப் பட்டத்துக்குப் படிப்பது என்பதைக் குடும்பமே கூடி யோசித்து முடிவு செய்கிறது. இந்தப் படிவமோ பக்கத்தில் அமர்ந்திருப்பவர் எழுதியதைப் பார்த்து ஐந்து நிமிஷத்தில் எழுதப்பட்டுவிடுகிறது. இந்த அலட்சியம் கூடாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

தமிழகப் பல்கலைக்கழகங்களோடு இணைந்த கல்லூரிகளில் இளநிலைப் படிப்பு ஐந்து பகுதிகளாக அமைந்திருக்கிறது. ஆறு ‘டே ஆர்டர்’ (கிழமைக்குப் பதிலாக எண்ணிட்டு வழங்கும் நாட்கள்), ஒவ்வொன்றுக்கும் ஐந்து மணி என்று சுழலும் 30 மணி நேரத்தில் முதற்பகுதி மொழிக்கும் ஆங்கிலத்துக்கும் பெரும்பாலும் ஆறாறு மணி போய்விடும். முதன்மைப் பாடங்கள் முன்னமே நிர்ணயிக்கப்பட்டவை. மாணவர் தேர்வுக்கு எஞ்சுவன மூன்று: முதற்பகுதியில் தமிழா வேறு மொழியா என்பது, சில துறைகளில் சார்புப் பாடம் எது என்பது, ‘என்.எம்.இ.’ என்று மாணவர் சொல்லும் பிறதுறை விருப்பப் பாடம் எது என்பது.

இவற்றுள் முதலாவதுதான் ஆழ்ந்து யோசிக்கத் தக்கது. ஆரம்ப நிலைப் பிரெஞ்சில் மதிப்பெண் தாராளமாகக் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, பள்ளியில் தமிழ் படித்தவர்களும் அதை நாடுவதுண்டு. ஆனால் தமிழை விடுத்து வேறு மொழியை ஏற்போர், தமிழை எந்த வகுப்பு வரை படித்திருக்கிறார்கள் என்பதற்கேற்ப, நான்காம் பகுதியில் அடிப்படைத் தமிழையோ சிறப்புத் தமிழையோ படித்தாக வேண்டும் என்பது பொது விதி. பிறதுறைப் பாடத்துக்குரிய இடத்தில்தான் அது வந்து அமர்கிறது. ஆகவே பிரெஞ்சைத் தேர்ந்த வேதியியல் மாணவி, இதழியலையோ உளவியலையோ எட்டிப் பார்க்கும் சந்தர்ப்பத்தையும் அதே கையெழுத்தால் துறந்துவிடுகிறாள். மேலும், தமிழக அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாள் 2021 அரசாணையால் கட்டாயமாகிவிட்டது. பிரெஞ்சின் மீது உண்மையான ஆசையுடையவர் தாராளமாகப் படிக்கட்டும். நஷ்டத்தை அறிந்து படிக்கட்டும்.

‘அலைடு’ என்று வழங்கும் சார்புப் பாடத்தைச் சிலர் அநாவசியச் சுமையாகக் கருதுகிறார்கள். மூன்றாண்டுகள் கழித்து முதுநிலைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் அதன் அருமை புலப்படும். எம்.சி.ஏ. சேர்க்கைக்குப் பன்னிரண்டாம் வகுப்பிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் படித்திருப்பது நெடுங்காலமாகவே எதிர்பார்க்கப்பட்டு வருகிறது. பள்ளியில் கணிதம் பயிலாத வணிகவியல் மாணவருக்கு, கல்லூரியில் கிடைக்கும் கணிதத் தாளே அந்த வாசலைத் திறக்கக் கூடும். உயிர்வேதியியல் முதுநிலையிலும், வேதியியலை முதன்மையாகவோ சார்பாகவோ படித்தவரையே பல இடங்களில் ஏற்கிறார்கள்.

பாடத்தைத் தேரும் சுதந்திரத்தை மாணவருக்கு ஏறக்குறைய முழுமையாகவே அளித்தவர், 1869 முதல் 1909 வரை அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவராயிருந்த சார்லஸ் எலியட். அவருக்குப் பின் வந்த லோவெல், மாணவர்கள் எளிய பாடங்களைத் தொடர்பின்றிப் பொறுக்கிக் கொள்கிறார்கள் என்று கண்டு, அச்சுதந்திரத்துக்கு வரம்பு கட்டினார். இங்கே நமக்குக் கிடைத்திருப்பதோ மிகச் சிறிய சுதந்திரம். அதையும் மதிப்பெண் ஆசைக்குக் கொடுத்துவிடுவது எனக்கு வருத்தமளிக்கிறது.

படிவத்தில் எழுதுமுன், பாடத்திட்டத்தைப் பல்கலைக்கழக இணையதளத்திலிருந்தோ துறை அலுவலகத்திலிருந்தோ பெற்று, பெரும்பாலும் ஐந்து அலகுகளாக இருக்கும் அதில் நான்காவதையும் ஐந்தாவதையும் நிதானமாக வாசிக்க வேண்டும். முதல் அலகு எல்லாப் பாடத்திலும் சுலபமாகவே தோன்றும். சென்ற பருவத்து வினாத்தாள் ஒன்றைப் பார்ப்பதும், அப்பாடத்தைப் படித்து முடித்த அண்ணன் அக்காமார் இருவரின் அனுபவத்தைக் கேட்டறிவதும் நலம். பிறதுறைப் பாடங்களில் இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடுவதால், இரண்டாவது விருப்பத்தையும் அதே சிரத்தையோடு எழுத வேண்டும். தவறாகத் தேர்ந்துவிட்டதாகச் சந்தேகம் தோன்றினால், பெயர்ப் பட்டியல் பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கு முன்பே துறைத் தலைவரை அணுகிக் கேட்டுவிடுங்கள்.