மூளை லிம்போமா திரும்பி வந்தால்: எங்கே தேடுவது, என்ன கேட்பது?

வீட்டுல யாருக்காவது பெரிய நோய்னா, ரிப்போர்ட்டைப் படிச்சுச் சொல்ற வேலை இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளை தலையிலதான் விழும். அடங்கியிருந்த மூளை லிம்போமா மறுபடி தலைதூக்கினா, தேடலை எங்கிருந்து தொடங்குறது?

லிம்போமா வெள்ளை அணுக்களில் வர்ற புற்றுநோய். மூளையில் வர்றது பெரும்பாலும் பி செல் வகை. ரத்தத்தில் வர்ற எல்லாத்தையும் மூளைக்குள் விடாத ஒரு தடுப்பு நம்ம உடம்புல இருக்கு. கடைமடைக்குத் தண்ணி எட்டணும்னா ஆத்துல கூடுதலாத் திறக்கணும்னு டெல்டாக்காரங்களுக்குத் தெரியும். அதே மாதிரி மெத்தோட்ரெக்ஸேட் மருந்தை, உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 3 கிராமோ அதுக்கு மேலயோ ஏத்துறாங்க. பிறகு மற்ற செல்களைக் காப்பாத்த லியூகோவோரின் தர்றாங்க. அதனால எந்த மருந்தைப் பத்திப் படிச்சாலும் முதல் கேள்வி: இது மூளைக்குள்ள போகுமா?

நோய் திரும்பினவங்களுக்கு மருத்துவர்கள் யோசிக்கிற வழிகள்:

• முதல் தடவை நல்லா கேட்டு, நீண்ட இடைவெளி விட்டுத் திரும்பியிருந்தா மறுபடி மெத்தோட்ரெக்ஸேட். சிறுநீரகம் தாங்கணும்.
• இப்ருடினிப், லெனலிடோமைட் மாதிரி வாய்வழி மருந்துகள். ஜப்பான் 2020-ல் இதுக்குன்னே டிராபுருடினிப்பை அனுமதிச்சது.
• உடம்பு தாங்குறவங்களுக்கு, தயோடெபா சேர்ந்த கடுமையான கீமோவுக்குப் பிறகு சொந்த ஸ்டெம் செல் மாற்று.
• மூளை முழுக்கக் கதிர்வீச்சு. வயசானவங்களுக்கு ஞாபக சக்தி பாதிக்கலாம்.
• கார் டி செல் சிகிச்சை. நோயாளியின் டி செல்லை எடுத்து, மரபணு மாத்தி, திரும்ப ஏத்துறது. ஐ.ஐ.டி. பம்பாயும் டாடா நினைவு மையமும் உருவாக்கிய நெக்ஸ்கார்19-க்கு 2023 அக்டோபரில் இந்தியாவில் அனுமதி கிடைச்சது.

'லிம்போமாவுக்கு அனுமதி'ன்னு பார்த்ததும் மூளை லிம்போமாவுக்கும் சேர்த்துத்தான்னு முடிவு கட்டாதீங்க. ஆய்வில் யாரைச் சேர்த்தாங்க, யாரை விட்டாங்கங்கிற பகுதியைப் படிங்க. இங்க நடக்கிற ஆய்வுகளை இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இலவசமாத் தேடலாம்.

தஞ்சாவூர்லேர்ந்து வேலூர் சி.எம்.சி., அடையாறு புற்றுநோய் நிலையம், புதுச்சேரி ஜிப்மர்னு இரண்டாவது கருத்து கேட்கப் போறவங்க, பயாப்ஸி ஸ்லைடு, பிளாக், எம்.ஆர்.ஐ. சி.டி., எத்தனை சுற்று மருந்து, கடைசியா எப்போங்கிற விவரம் எல்லாத்தையும் கையோட கொண்டு போங்க. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் எது வரும்னு முன்னாடியே கேட்டுக்கங்க.

இந்தத் தேடலின் பலன் மருந்தைத் தேர்ந்தெடுக்கிறது இல்ல, மருத்துவர்கிட்ட சரியான கேள்வி கேட்கிறதுதான். அதுல ஒண்ணை விட்டுடாதீங்க: இந்தச் சிகிச்சையால கிடைக்கிற நாட்கள் எப்படி இருக்கும்? அந்தப் பதிலை வெச்சு முடிவெடுக்க வேண்டியவர் நோயாளிதான்.